கத்தியில் கறை கூடாது எண்டு ஆர் சொன்னது?

யூரியூப்பில் பழைய கத்தியைப் புதுப்பிக்கும் வீடியோக்களுக்கு ஒரு பெருங்கூட்டமே இருக்கு. செம்மண் நிறத்தில் கறள் ஏறிய கத்தி ஒன்று வினாகிரியில் ஊறும், பிறகு கிரைண்டரில் பொறி பறக்கும், பத்து நிமிஷத்தில் முகம் பார்க்கலாம் போல மினுங்கும். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் அது காபன் உருக்குக் கத்தியாக இருந்தால் அந்தப் பத்து நிமிஷத்தில் இரண்டு பிழை நடந்திருக்கலாம். கிரைண்டர் சூட்டில் விளிம்பு நீலம் பாரித்திருந்தால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது. இனி எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. மற்றது, கறளோடு சேர்த்துக் கத்தியின் கறுப்பும் போய்விட்டது. முதலாவதுக்குக் கொமென்றில் ஆராவது ஏசுவினம். இரண்டாவதை ஒருத்தரும் பிழையெண்டே நினைக்கிறதில்லை.

இரும்பில் படியிறது எல்லாம் ஒரே சாதியில்லை. செம்மஞ்சள் கறள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் ஒட்சைட்டு. தான் தின்ற இரும்பைவிடக் கூடிய இடம் எடுக்கும், அதனால் பொருக்காகக் கிளம்பும், அந்த வெடிப்புக்குள்ளால் ஈரம் இன்னும் உள்ளே போகும். சாம்பல், நீலம், கறுப்பு எண்டு படியும் தோல் வேறு. அது மெல்லியது, இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், கீழே இருக்கிற இரும்பை ஓரளவு காக்கும். புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்த காய்களை வெட்ட வெட்ட அது தானாக வரும். வாழைப்பூவின் துவர்ப்புக்குக் காரணமான தனின் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். ஐரோப்பியர் நூற்றாண்டுக் கணக்காக எழுதிய மையும் இதே இரசாயனம்தான்: ஓக் மரத்துக் காய்ப்பிலிருந்து தனின், அதோடு இரும்பு உப்பு. எங்கட பக்கத்துக் கடுக்காய் மையும் அப்படித்தான். அம்மம்மாவின் அரிவாள் கறுப்பாக இருந்தது ஊத்தையால் அல்ல. அது நாற்பது வருஷம் எழுதிய மை எண்டு வைத்துக்கொள்ளலாம்.

இந்த உருக்கின் கதையில் எங்கட தீவுக்கு ஒரு பெரிய இடம் இருக்கு. பலாங்கொடைக்குக் கிட்ட, வளவை ஆற்றுப் பக்கம், சமனலவெவ அணை கட்ட முன்னர் அந்த நிலத்தைத் தொல்லியலாளர் தேடிப் பார்த்தனர். மேற்கு நோக்கிய மலைச் சரிவுகளில் 77 இடங்களில் உருக்குலைகளின் தடயம் கிடைத்தது. பெரும்பாலானவை கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டுக்குள் இயங்கியவை. துருத்தி இல்லை, ஊதுகிற ஆளும் இல்லை. நீளமான, ஆழமில்லாத களிமண் உலை. முன்சுவரின் அடியில் வரிசையாகக் காற்றுக் குழாய்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலையேறி முன்சுவருக்கு மேலால் பாயும்போது அங்கே அமுக்கம் குறையும்; அந்த இழுவையில் குழாய்களுக்குள்ளால் காற்றுப் புகுந்து கரியை எரிக்கும். காற்றால் மட்டும் இவ்வளவு சூடு வராது எண்டுதான் கனபேர் நினைத்திருந்தனர். கில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் 1994இல் அதே மலையில் அதே மாதிரி உலை கட்டி எரித்துக் காட்டினார். சும்மா இரும்பு மட்டுமல்ல, காபன் கூடிய உருக்கே நேரடியாக வந்தது. 1996இல் அது 'நேச்சர்' இதழில் வெளியானது. 9ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் இருந்த அல்-கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீப் உருக்கைத் தனியாகச் சொல்வதற்கு இந்த மலைகள் பொருத்தமான விளக்கம். அந்த உலைகளில் ஒரு பகுதி இப்ப நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கு.

இதை எடுத்து 'எங்கட இனத்தின் உருக்கு' எண்டு பேஸ்புக்கில் சண்டை பிடிக்கிறவை இரண்டு பக்கமும் இருக்கினம். உலைக்கு முன்னால் நின்றவர்கள் வீட்டில் என்ன மொழி பேசினார்கள் எண்டு கிட்டம் சொல்லாது. சொல்லக்கூடிய விஷயம் வேறொன்று இருக்கு. 1903 முதல் இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். பலாங்கொடைப் பக்கம் இரும்பு உருக்குவதையும், மண்மூசையில் உருக்குச் செய்வதையும், அந்தத் தொழில் ஏறக்குறைய நின்றுபோன காலத்தில், செய்யத் தெரிந்தவர்களிடம் பார்த்து எழுதி வைத்தார். 1908இல் வெளிவந்த 'மத்தியகால சிங்களக் கலை' என்ற நூலில் அது இருக்கு. இறக்குமதி இரும்பு மலிவாக வந்து இறங்க, மலையில் கரி சுட்டு உலை மூட்டுறதுக்கு ஆளில்லாமல் போனது. தொழிலைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை, எழுத மட்டும் முடிந்தது. அந்த எழுத்து இல்லையெண்டால் பின்னால் வந்த ஆய்வாளருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறுகூட இருந்திராது.

கடலுக்கு அந்தப் பக்கம், தென்னிந்தியாவில், மூசைக்குள் இரும்பும் ஆவாரங் கட்டையும் இலையும் வைத்து மூடிச் சுட்டு எடுத்த உருக்குக்கு ஆங்கிலேயர் 'வூட்ஸ்' எண்டு பெயர் வைத்தனர். கன்னடத்து 'உக்கு', தமிழ் 'உருக்கு' இரண்டும் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரராகச் சொல்லப்படுது. 1795இல் ஜோர்ஜ் பியர்சன் லண்டன் ரோயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். பிறகு ஜேம்ஸ் ஸ்ரோடார்ட் என்ற கத்தித் தொழிலாளரும், அப்போது இளைஞராக இருந்த மைக்கேல் பரடேயும் சேர்ந்து, அதன் இரகசியம் என்ன எண்டு தேடத் தொடங்கினர். வேறு உலோகம் ஏதோ கலந்திருக்கு எண்டு நினைத்து, உருக்கோடு வெள்ளி, பிளாட்டினம், குரோமியம் எண்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தனர். வூட்ஸின் இரகசியம் அது அல்ல. பெரும்பாலும் காபனும் ஆறவிட்ட விதமும்தான். ஆனால் உருக்கில் வேறு உலோகம் கலந்து பார்க்கும் ஆராய்ச்சி அங்கேதான் முறையாகத் தொடங்கியது. எங்கட பக்கத்து உருக்கைப் பார்த்துச் செய்ய வெளிக்கிட்ட வேலை, நூறு வருஷத்துக்குள் அந்த உருக்கையே சமையலறையிலிருந்து துரத்தப் போகிற பொருளுக்கு வழி திறந்தது.

1913 ஓகஸ்ட் 13. ஷெஃபீல்ட் நகரில் ஹரி ப்ரேர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் அரிக்காமல் இருக்க ஒரு கலவை தேடிக்கொண்டிருந்தார். 12.8 வீதம் குரோமியம், 0.24 வீதம் காபன். அமிலத்தில் போட்டால் அரிக்கவில்லை. ப்ரேர்லி ஏழை வீட்டுப் பிள்ளை, கத்தி நகரத்தில் வளர்ந்தவர். இது குழாயைவிடக் கத்திக்கு நல்லது எண்டு உடனே பிடித்துக்கொண்டார். ஊர்க் கத்திக்காரர் சிரித்தனர். அவர்கள் பழகிய சூட்டில் அது பதமேறவில்லை, ஆயிரம் பாகைக்குக் கிட்டக் கேட்டது. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் எண்டு அவருக்குப் பட்டப்பெயரும் வந்தது. 'கறள் பிடிக்காத உருக்கு' எண்டுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஏர்னஸ்ற் ஸ்ருவேட் என்ற கத்தித் தொழிற்சாலைக்காரர் வினாகிரியில் சோதித்துப் பார்த்துவிட்டு வைத்த பெயர்தான் நின்றது: 'ஸ்ரெயின்லெஸ்', கறையில்லாதது. கறள் பழுது, கறை குற்றம். அந்த ஒரு சொல் மாற்றத்தோடு கத்தியின் நிறம் ஒழுக்கப் பிரச்சினையாகிவிட்டது எண்டு நான் நினைக்கிறேன்.

அந்த ஒழுக்கம் இங்கிலாந்துப் பணக்கார வீடுகளில் ஏற்கெனவே இருந்ததுதான். பழமும் மீனும் உருக்குக் கத்தியின் ருசியைப் பிடிக்கும் எண்டு அவற்றுக்கு வெள்ளி அலகு வைத்திருந்தனர். மற்றக் கத்திகளை நாளாந்தம் குருந்தத் தூள் போட்டுத் தேய்க்க ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்தனர். ஜோர்ஜ் கென்ற் என்பவரின் பெயரில் கைபிடி சுற்றும் கத்தி துலக்கும் பெட்டிகூட விற்றது. மேசையில் மினுங்கிய கத்தி, பின்பக்கம் ஒருத்தர் கை தேய நின்றதுக்குச் சாட்சி. எங்கட வீடுகளில் பொச்சும் சாம்பலும் போதும், அதுவும் ஊத்தை போகமட்டும்.

ஸ்ரெயின்லெஸ்ஸை நான் திட்ட வரவில்லை. உப்புக் காற்று வீசுற ஊரில், வேலைக்குப் போய் வந்து இரவு எட்டு மணிக்குச் சமைக்கிறவைக்கு அது பெரிய உதவி. ஆனால் மூலைக் கம்மாலையில் லொறி வில்லுத்தகட்டில் அடித்த கத்தி ஒன்றைக் கறுத்துப்போச்சு எண்டதுக்காக இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்க வேண்டாம். அது மெல்லிசாகத் தீட்டுப்படும், சாதாரண கல்லிலேயே கெதியாகக் கூர் ஏறும். பாளை சீவுற கத்திக்குக் கூர்தான் முக்கியம், மினுக்கம் அல்ல.

செய்ய நினைக்கிறவை இப்படிச் செய்யலாம். செம்மஞ்சளை மட்டும் எடுங்கோ. வினாகிரியில் அரை மணித்தியாலம் போதும், இரவு முழுக்கப் போட்டால் அலகு குழி விழும். பிறகு தும்பால் தேய்த்து, சோடாத் தூள் தண்ணியில் கழுவி, உடனே துடையுங்கோ. தீட்டுறது கையால், கல்லில், தண்ணி விட்டு. அலகைக் கல்லிலிருந்து 15, 20 பாகை உயர்த்தி ஒரு பக்கம் தீட்ட, மறுபக்க விளிம்பில் விரலுக்கு ஒரு பிசிறு தட்டும். அது முழு நீளத்துக்கும் தட்டின பிறகுதான் பக்கம் மாற்றவேணும். அவசரப்படுறவை பிழைவிடுற இடம் இதுதான். கடைசியில் பிசிறை மெதுவாக எடுத்து, பழைய தோலில் நாலு தரம் இழுங்கோ.

கறுப்புக்குக் கடுகையும் சூடான வினாகிரியையும் பூசி ஒரே நாளில் வரவைக்கிறவையும் இருக்கினம். எனக்கு அந்தப் புள்ளி புள்ளியான வடிவம் பிடிக்கிறதில்லை. வாழைக்காயில் தொடங்குங்கோ. வெட்டினவுடன் கழுவித் துடைத்து, கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசி வைக்கவேணும், அவ்வளவுதான். முதல் கிழமை காய் கறுக்கும், வெங்காயம் நிறம் மாறும், கறியைப் பார்த்து வீட்டில் ஆராவது கேள்வி கேட்பினம். இரண்டாம் கிழமை அலகில் நீலம் தெரியத் தொடங்கும்.