எதுக்கும் சேரும் துணி: மானம், பாணி, கூலி குறித்துச் சில குறிப்புகள்

சில மாதங்களுக்கு முன் ராணிப்பேட்டையில் ஒரு சிறு கூட்டம். தோல், ஷூ தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களைச் சங்கத்துக்குள் கொண்டுவருவது பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு தோழர் அலுத்துக்கொண்டார்: "சம்பளம் வாங்கின கையோட துணிக்கடைக்கு ஓடறாங்க. சந்தா கேட்டா இல்லைன்றாங்க. நுகர்வு வெறி முழுங்கிடுச்சு." பத்துப் பேர் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நெமிலிக்குத் திரும்பும் பேருந்தில்தான் உறைத்தது. அன்று நான் கட்டியிருந்த கைத்தறிச் சேலை, நாலு கடை ஏறி இறங்கி, கரையின் அகலம் பார்த்து எடுத்தது. தோழரின் கதர் ஜிப்பாவும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. நாம் எடுத்தால் அது ரசனை, அவர்கள் எடுத்தால் வெறி. இந்தப் பாகுபாட்டை நாம் எங்கிருந்து பெற்றுக்கொண்டோம்?

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் பிரிவில் வேலை. விடிவதற்குள் கம்பெனி வேன் வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பீரோவைத் திறந்து காட்டினாள். ஜரிகையும் கல்லும் பதித்த விசேஷத் துணிகளைக் காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுடைய பெருமை வேறாக இருந்தது. "கறுப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, சந்தன கலர் ஒண்ணு. லெகிங்ஸ் இந்த மூணு இருந்தா போதும்கா. மேல எது போட்டாலும் சேரும்." மேலே போட ஐந்து டாப்ஸ், எல்லாமே பூவேலை இல்லாத பிளெயின். மூன்றையும் ஐந்தையும் பெருக்கிப் பதினைந்து என்று விரல்விட்டுக் காட்டினாள். பதினைந்து நாளைக்கு ஒருநாள் போல இன்னொரு நாள் இருக்காது. பகட்டு எங்கே இருக்கிறது இதில்? தோலை வெட்டும்போது தழும்பையும் பூச்சிக்கடியையும் ஒதுக்கி, துண்டு வீணாகாமல் அச்சை வைக்கிறார்களே, அந்தக் கணக்குதான் அவளுடைய பீரோவிலும் இருந்தது.

ஆடையை மொழியைப் போலப் படிக்கலாம் என்று ரொலாண் பார்த் 1967இல் ஒரு பெரிய நூலே எழுதினார். அவர் ஆராய்ந்தது உடம்பில் கிடந்த ஆடையை அல்ல, பிரெஞ்சு மோஸ்தர் பத்திரிகைகளில் எழுதப்பட்ட ஆடையை. நம்மிடமும் எழுதப்பட்ட ஆடை உண்டு. ஆனால் அதை மோஸ்தர் பத்திரிகையில் தேடினால் கிடைக்காது. அரச விளம்பரங்களிலும் சாதித் தடைப்பட்டியல்களிலும் தேட வேண்டும்.

தோள்சீலைக் கலகத்தை நாம் எப்படிச் சொல்லிவருகிறோம் என்று பாருங்கள். திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மார்பை மறைக்கத் தடை, மானம் காக்கப் போராடினார்கள், 1859இல் வென்றார்கள். பாதி உண்மை. மிஷனரிகளின் முயற்சியாலும் கர்னல் மன்றோவின் ஆணையாலும் கிறிஸ்தவர்களாகிவிட்ட பெண்கள் குப்பாயம் அணிவதற்கு 1810களிலேயே அனுமதி வந்துவிட்டது. பிறகு ஏன் 1822 தொடங்கி முப்பத்தேழு ஆண்டுகள் அடிதடி? ஏன் சந்தைகளில் வைத்து ரவிக்கைகளைக் கிழித்தார்கள்? ஏனென்றால் அந்தப் பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. அதற்கும் மேலே, நாயர் பெண்கள் போடுவதுபோல ஒரு மேல்சீலையைப் போட்டார்கள். 1829 விளம்பரம் இதைத்தான் தடுத்தது. சென்னை கவர்னர் டிரெவெலியனின் நெருக்குதலுக்குப் பிறகு 1859 ஜூலை 26இல் வந்த விளம்பரமும் முழு விடுதலை அல்ல. ரவிக்கை போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணி கட்டலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மறைக்கலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

இந்தக் கடைசி வாசகம்தான் முக்கியம். மறைப்பதை அதிகாரம் விட்டுக்கொடுத்துவிட்டது. பாணியை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பெண்கள் கேட்டது வெறும் மறைப்பு என்றால் குப்பாயத்தோடு கலகம் முடிந்திருக்க வேண்டும். அவர்கள் கேட்டது ஸ்டைல். இந்தச் சொல் நம் வாசகர்கள் சிலருக்குக் கூசலாம். ஆண்கள் எழுதிய வரலாறு அதை 'மானம்' என்று மொழிபெயர்த்து, பத்தினிக் கருத்தியலுக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டது. (அந்தப் பூட்டும் போதவில்லை போலிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் ஆடையின் சமூக வரலாறு என்ற பாடம் இந்தக் கலகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. 2016இல் அந்தப் பகுதியிலிருந்து கேள்வி கேட்க வேண்டாம் என்று சி.பி.எஸ்.இ. சொன்னது. 2019இல் என்.சி.இ.ஆர்.டி. அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டது.)

இன்னொரு எழுதப்பட்ட ஆடை ராமநாதபுரத்தில் கிடைக்கிறது. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார், அம்பேத்கரும் எடுத்தாண்டிருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப்பு கூடாது. பெண்கள் மார்பைத் துணியாலோ ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, கால்நடைகள் கொள்ளை போயின. அடுத்த ஆண்டு பட்டியல் பதினொன்றாக நீண்டது. இந்தப் பட்டியலை எழுதியவர்களுக்குத் துணியின் இலக்கணம் பார்த்தைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. ரவிக்கை, தாவணி, பனியன், கோட்டு என்று தனித்தனியாகப் பேர் சொல்லித் தடுத்திருக்கிறார்கள். எவையெல்லாம் தடுக்கப்பட்டனவோ அவற்றையெல்லாம் யாரோ ஆசைப்பட்டு வாங்கிப் போட ஆரம்பித்திருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? ஆதிதிராவிடர்களின் ஆசையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நம்பகமான ஆவணம், அதை வெறுத்தவர்கள் எழுதியது.

ராமநாதபுரம் வேறு, வடஆற்காடு வேறு. ஆனாலும் செருப்பு கூடாது என்ற அந்த வரியை, நாளெல்லாம் ஐரோப்பாவுக்குப் போகும் ஷூவைத் தைத்துவிட்டு ரப்பர் செருப்பில் வீடு திரும்பும் பெண்கள் இருக்கும் ஊரில் உட்கார்ந்து படிப்பது எளிதாக இல்லை.

அரசியல் முன்னோர்கள் ஆடையைச் சும்மா விட்டவர்கள் அல்ல. 1927 டிசம்பரில் மகாடில் பெண்களிடம் தனியே பேசிய அம்பேத்கர், தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டும் உடையையும் கைநிறைய அடுக்கும் மலிவான வளையல்களையும் விடச் சொன்னார். உயர்சாதிப் பெண்களைப் போலச் சேலையைத் தழையக் கட்டச் சொன்னார். கேட்ட பெண்கள் அப்படியே கட்டிக்காட்டினார்கள். பெரியாருடைய வழி வேறு. நகையையும் பட்டையும் மாட்டிவைக்கும் பொம்மையாகப் பெண் இருப்பதைக் கிண்டல் செய்தார். முடியை வெட்டு, லுங்கியும் ஜிப்பாவும் போடு என்றார். ஒருவர் உயர்சாதியின் பாணியைக் கைப்பற்றச் சொன்னார், மற்றவர் பெண் என்ற பாணியையே கலைக்கச் சொன்னார். முரண் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துணி அற்ப விஷயம் என்று இருவருமே நினைக்கவில்லை. அற்பம் என்று நினைப்பது அவர்களுக்குப் பின்னால் வந்த நமது இயக்க ஒழுக்கம்தான். எளிமை என்ற பெயரில் காந்தியிடமிருந்தும் கம்யூனிஸ்ட் கட்சி ஆபீஸ்களிலிருந்தும் நாம் கலந்தெடுத்துக்கொண்ட ஒழுக்கம் அது. ஏற்கெனவே பத்துச் சட்டை வைத்திருப்பவனுக்குத்தான் எளிமை ஒரு தேர்வு.

என் பாட்டியிடம் இரண்டு சேலை. "ஒண்ணு உடம்புல, ஒண்ணு கொடியில" என்பாள். பொங்கலுக்கு ஒன்று வந்தால் பழையதில் ஒன்று தூளியாகும். 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பொங்கலுக்கு இலவச வேட்டி, சேலை தரத் தொடங்கினார்கள். ஏழைகளுக்குத் துணி, நெசவாளிக்கு வேலை. நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சேலையின் நிறத்தை வாங்குபவள் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு தெருவே ஒரே நிறத்தில் கொடியில் காயும். பண்ணையார் வீட்டில் கிடைத்த பழஞ்சேலை, அண்ணன் வாங்கித் தந்த தீபாவளித் துணி, அரசு தந்த பொங்கல் சேலை, மாப்பிள்ளை வீட்டார் எடுத்த கூறைப்புடவை. இந்தப் பெண்களின் உடம்புக்கு வந்த துணி எல்லாமே யாரோ தந்தது. யாரோ பார்த்து எடுத்தது.

இதை மாற்றியது எந்த இயக்கமும் அல்ல, கூலி. 1972இல் சீதாராமையா குழு சொன்னதையொட்டி, பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் முடித்த தோலுக்கும், பிறகு ஷூவுக்கும் நகர்ந்தன. பதனிடும் வேலை பெரும்பாலும் ஆண்களுடையது. தைக்கும் வேலைக்குப் பெண்களைக் கூட்டம் கூட்டமாக எடுத்தார்கள். பாலாற்றுக்கு நேர்ந்ததை இங்கே விரிக்கப் போவதில்லை. 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தும் தீராத கதை அது. ஆனால் அந்த ஆற்றின் விலையில் கிடைத்த சம்பளத்தில், முதல் தடவையாக ஒரு பெண் தன் சாதாரண நாளுக்கென்று துணி எடுக்கிறாள். பண்டிகைக்கு அல்ல, கல்யாணத்துக்கு அல்ல, திங்கள்கிழமைக்கு.

திங்கள்கிழமைத் துணியைத்தான் ஊர் பொறுப்பதில்லை. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியும் பக்கத்துக் குடியிருப்புகளும் கொளுத்தப்பட்ட பிறகு, தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார். 1930இன் பட்டியலில் பனியன் இருந்த இடத்தில் டி-சர்ட். 2015இல் 'குமுதம் ரிப்போர்ட்டர்' லெகிங்ஸ் அணிந்த பெண்களைச் சாலையில் படமெடுத்து, ஆபாசம் என்று அட்டையில் போட்டது. எங்கள் தெருப் பெண் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொஸ்தகம் வந்தப்ப எங்கம்மா என் லெகிங்ஸை ஒளிச்சு வெச்சிடுச்சு" என்றாள்.

இதற்காகத் துணிக்கடையை விடுதலைக் கூடம் ஆக்கிவிட முடியாது. அந்தக் கறுப்பு லெகிங்ஸ் அநேகமாகத் திருப்பூர்ப் பக்கம் பின்னப்பட்டது. மேற்கு மாவட்டத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இருந்தது. மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாகத் தருவார்கள். நடுவில் நின்றுவிட்டால் பல பேருக்கு அதுவும் கிடைக்கவில்லை. அந்த நூலை நூற்றவளுக்குத் தன் கூலியில் ஒரு துணி எடுக்கும் சுதந்திரம் இல்லை. கடையில் அந்தத் துணியை எடுத்துக் காட்டுபவளுக்கு உட்காரும் சுதந்திரம் இல்லாமல் இருந்தது. 'அங்காடித் தெரு' படம் வந்தது 2010இல். கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது 2021இல். நூற்பவள், விற்பவள், வாங்குபவள் மூவரும் கிட்டத்தட்ட ஒரே வயது, பல நேரம் ஒரே சாதி. இவர்களில் வாங்குபவளை மட்டும் பிடித்து வைத்து நுகர்வுப் பண்பாடு பற்றி வகுப்பெடுப்பது சுலபம்.

போன மாதம், ஏழாம் தேதி தாண்டி வந்த ஞாயிறன்று, அவளோடு அரக்கோணம் போனேன். அவள் துணி எடுப்பதைப் பார்க்க வேண்டும். விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் டாப்ஸை உள்பக்கம் திருப்பினாள். தையல் இழுத்துப் பார்த்தாள். அக்குளில் எத்தனை விட்டுத் தைத்திருக்கிறார்கள் என்று விரலால் அளந்தாள். "இது ரெண்டு துவைக்குத்தான்கா தாங்கும்" என்று ஒன்றை ஒதுக்கினாள். கருநீலத்தில் ஒன்று பிடித்துப்போனது. பாக்கெட் இருக்கா என்று கேட்டாள். கடைப்பெண் சிரித்தாள். "எல்லாரும் கேக்கறாங்க, வர்றதில்ல." கடைப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு முக்காலி இருந்தது, அதன் மேல் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள்.

பேருந்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு தன் கம்பெனி கோட்டைப் பற்றிச் சொன்னாள். எது போட்டுக்கொண்டு போனாலும் அதற்கு மேலே ஒரே கலர் கோட்டு மாட்டிக்கொள்ள வேண்டுமாம். அதில் பாக்கெட் கிடையாதாம். "வெச்சா எதையாச்சும் எடுத்துட்டுப் போயிடுவோமாம்." போனை எங்கே வைப்பது, மாத்திரையை எங்கே வைப்பது, மாதவிடாய் நாளில் நாப்கினை எப்படிக் கையில் பிடித்துக்கொண்டு லைனைக் கடந்து போவது என்று வரிசையாகச் சொன்னாள். பிறகு, நான் ராணிப்பேட்டைக் கூட்டங்களுக்குப் போவது தெரியும் என்பதால், கேட்டாள்: "உங்க சங்கத்துல கோட்டுக்குப் பாக்கெட் கேப்பாங்களாக்கா? கேப்பாங்கன்னா சொல்லு, எங்க லைன்ல நாப்பது பேர் இருக்கோம்."