எழுதியவரும் கேட்டவரும்

தாம் எழுதியதைப் பிறர் திருத்துவது எழுதுவோர் எவருக்கும் இனிப்பதில்லை. நமக்கும் இனிக்கவில்லை. தாம்பரத்தை அடுத்த நமது பங்கின் பொன்விழா மலருக்கென நாற்பது பக்க வரலாறு ஒன்றை வரைந்து, பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரிடம் எழுத்துப்பிழை பார்க்கக் கொடுத்தோம். அவர் பிழை திருத்தியதோடு நிற்கவில்லை. பக்க ஓரமெங்கும் பென்சிலால் கேள்விகளை எழுதித் திருப்பித் தந்தார். சில நாள் அந்தக் கட்டைத் தொடவே மனம் வரவில்லை. கோபம் ஆறியபின்தான், இத்தகைய பணி நம் மொழியில் எத்துணைப் பழமையானது என்ற எண்ணம் எழுந்தது.

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது எனப் பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. ஆசான் தடை எழுப்ப, நூலாசிரியர் விடை கூறித் தம் நூலை நிலைநாட்டினார் என்பது உரைமரபு. அரங்கேற்றம் என்றதும் இன்று நமக்கு மாலையும் பொன்னாடையும் நினைவுக்கு வருகின்றன. அன்று அது கேள்விகளுக்குத் தலைகொடுப்பதாக இருந்தது.

குருமடத்தில் லூக்கா நற்செய்தியைப் பயின்றபோது, அவர் மாற்கின் நூலை முன்வைத்து, நடையைச் செப்பனிட்டும் நிகழ்ச்சிகளை இடம் மாற்றியும் எழுதிய விதத்தை வரிவரியாக ஒப்பிட்டோம். தேர்வுக்காகப் படித்தது அது! யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் போதகர் பீட்டர் பெர்சிவல் விவிலியத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உழைத்தவர் சைவரான ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு சென்னையில் மழவை மகாலிங்கையரின் பார்வைக்கு வைக்கப்பட்டு, 1850-ல் அச்சில் வந்தது.

அச்சுக்கலை பெருகிய பின்னர் நம்மிடம் இருவகைப் பணியாளர் நிலைத்தனர். ஒருவர் மெய்ப்புத் திருத்துபவர். மற்றவர், 1887-ல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையரைப் போலப் பழஞ்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பவர். உயிரோடிருக்கும் ஆசிரியர் எதிரே அமர்ந்து, ‘இந்த அதிகாரம் இங்கே ஏன் வருகிறது? இவர் எங்கிருந்து வந்தார்?’ என்று கேட்பவருக்கோ நெடுங்காலம் பெயரே இல்லை. எடிட்டர் என்னும் ஆங்கிலச் சொல்லாலேயே அவரைச் சுட்டி வந்தோம்.

அந்தப் பணியைத் தமிழ்ப் பதிப்புலகில் வழக்கமாக்க முனைந்தவர்களுள் முதன்மையானவர் ‘க்ரியா’ எஸ். ராமகிருஷ்ணன். ‘கசடதபற’ இதழைச் சார்ந்த இலக்கிய நண்பர் குழுவிலிருந்து வந்த அவர், 1974-ல் அப்பதிப்பகத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் நமது தென்சென்னைத் திருவான்மியூரிலிருந்தே அது இயங்கியது. ஒரு கைப்பிரதியை எழுத்தாளரோடு அமர்ந்து படித்து, ஐயம் கேட்டு, மீண்டும் எழுதச் செய்து, காத்திருந்து அச்சிடுவது அவர் வழக்கம். ஆண்டுக்கு இத்தனை நூல் என்ற கணக்கு அங்கே செல்லுபடியாகவில்லை. 1992-ல் வெளிவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யும் அதே பொறுமையின் விளைவு. அதன் மூன்றாம் பதிப்பு வெளியான 2020 நவம்பரிலேயே, கொரோனா நோயுற்று மருத்துவமனையில் இருந்த அவர் காலமானார். எழுத்தாளரின் தனிக்குரலை எடிட்டர் அழித்துவிடுவார் என்று அஞ்சுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அந்த அச்சம் முழுவதும் பொய்யன்று. கேள்வி கேட்பதை விட்டுத் தாமே எழுதத் தொடங்கும் எடிட்டரால் அது நேரக்கூடும்.

க்ரியா 1994-ல் வெளியிட்ட இமையத்தின் முதல் நாவல் ‘கோவேறு கழுதைகள்’ கத்தோலிக்கராகிய நாம் படித்திருக்க வேண்டிய நூல். அதன் செம்மையில் ராமகிருஷ்ணனின் பங்கை இமையம் மறைத்ததில்லை. ஆரோக்கியம், அவள் கணவன் சவுரி: பெயர்களே நம்மவர் என்று சொல்லும். தலித் மக்களுக்குத் துணி வெளுத்து, பிறப்பிலும் இறப்பிலும் ஊழியம் செய்து, களத்து நெல்லையும் இராச்சோற்றையும் கூலியாகப் பெறும் புதிரை வண்ணார் குடும்பம் அது. ஒடுக்கப்பட்டோராலும் ஒடுக்கப்பட்டவர்கள். அந்நூலை வாசித்துப் பல ஆண்டுகள் ஆகியும், நமது நாற்பது பக்கங்களில் ஓர் ஆரோக்கியம்கூட இல்லை.

ஆசிரியையின் முதல் பென்சில் கேள்வி அதைத்தான் தொட்டது. “நன்கொடையாளர்களின் தாராளத்தால் ஆலயம் எழுந்தது” என்று நாம் எழுதியிருந்த வரியின் கீழே, “கல் உடைத்தவர்கள் யார், ஃபாதர்?” என்று கேட்டிருந்தார். பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகளைக் கல்குவாரிகள் குடைந்துகொண்டிருந்த காலம் நமக்கும் தெரியும். திருமுழுக்குப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். தந்தையின் தொழில் என்னும் கட்டத்தில் ‘கல் உடைப்பவர்’ என்று பக்கத்துக்குப் பக்கம் வந்தது. ஆயர்களின் வருகையும் கொடிமரத்தின் உயரமும் எழுதிய நமக்கு, பீரோவிலேயே இருந்த இந்தப் பெயர்கள் தோன்றாமற் போயின.

வரலாற்றின் முதல் அதிகாரம் இப்போது குவாரியில் தொடங்குகிறது. மறுபடி எழுதிய பிரதியும் பென்சில் குறிகளோடு திரும்பி வந்துவிட்டது. இம்முறை பதினொரு கேள்விகள். பத்துக்கு விடை கண்டோம். எஞ்சியது, “பீடத் துணிகளை வெளுத்தவர் யார்?” என்பது. கோயில்பிள்ளையாக இருந்த பெரியவருக்கு அந்த அம்மாளின் முகம் நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை. குடும்பம் கூடுவாஞ்சேரிப் பக்கம் குடிபெயர்ந்ததாகச் சொல்கிறார். வரும் ஞாயிறு மாலை அவரையும் அழைத்துக்கொண்டு நாம் அங்கே போகிறோம்.