உச்சியும் நுனியும்: மன்னார்க் கரையில் நின்று ஒரு கலைச்சொல்லை நோக்குதல்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அக்கரைப் பெயரில் 'கோடி' உளது. இக்கரைப் பெயரில் 'தலை' உளது. வில்லின் நுனி என்பதே தனுஷ்கோடியின் பொருள். மன்னார்ப் பட்டினத்தை அடுத்த பள்ளிமுனையிலோ 'முனை' நிற்கின்றது. நிலம் முடியும் இடத்துக்குக் கடலோரத்தார் இவ்வாறு பல சொற்களை வைத்திருந்தனர். ஆயின் 'அபெக்ஸ்' என்னும் ஒரே அறிவியற் சொல்லைத் தமிழாக்கப் புகுந்தபோது இரு கரையாரும் இரு வழிச் சென்றனர். தாவரத்தின் வளர்நுனியிலுள்ள இழையத்தைத் தமிழக நூல்கள் 'நுனி ஆக்குத்திசு' என்கின்றன. ஈழத்து நூல்கள் 'உச்சிப் பிரியிழையம்' என்கின்றன.

இப்பிரிவு கடல் விதித்ததன்று. 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் ஈழத்தவராகிய விபுலாநந்த அடிகள். 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற் சேவை 1964 டிசம்பர்ப் புயல்வரை நிகழ்ந்தது. இலங்கையில் தாய்மொழிவழிக் கல்விக்கென அரசு கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டதோ 1950களிலும் 1960களிலும் ஆகும். ஆகவே கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே சொற்கள் பிரிந்துவிட்டன.

'உச்சி' பிழையான தேர்வு எனல் பொருந்தாது. இலத்தீனில் 'அபெக்ஸ்' என்பது உரோமப் பூசகரின் தொப்பி மீது நிமிர்ந்து நின்ற சிறு கோலையும் குறித்தது; உயரம் அச்சொல்லின் பிறப்பிலேயே உண்டு. நுரையீரலின் உச்சி மேல்நோக்கியே உளது. இடர்ப்பாடு இதயத்திலும் வேரிலுமே தோன்றுகின்றது. இதயத்தின் 'உச்சி' கீழ்நோக்கிச் சாய்ந்துள்ளது. 'வேருச்சி' மண்ணுள் இறங்குகின்றது. கீழே செல்வதற்கு உச்சி ஏது எனக் கேட்கும் மாணவனைக் கடிந்துகொள்ளுதல் முறையன்று. அவன் தமிழறிந்து கேட்கின்றான். மேல், கீழ் என்னும் திசை பற்றாத 'நுனி' வேருக்குச் சாலப் பொருந்தும் என்பதே எம் கருத்து.

எனினும் பனைக்கு வரும்போது எம் மனம் 'உச்சி'யின் பக்கமே சாய்கின்றது. மன்னார்த் தீவின் மணலில் நிற்கும் பனைக்கு வளருமிடம் பொதுவாக ஒன்றே. அது வட்டின் நடுவே, ஓலைகளுக்குள் மறைந்துள்ளது. மக்கள் அதனைக் குருத்து என்பர். பெருக்கமரத்தின் கிளையைத் தறித்தால் வேறோர் அரும்பு தளிர்க்கும். பனையின் குருத்தழிந்தால் மரமே மாளும். போர்க்காலத்தில் எறிகணைபட்டுத் தலையிழந்த பனைகள் வடபுலத்தில் வெறுந்தண்டாய் நின்றன. ஊரார் அவற்றை மொட்டைப்பனை என்றனர். தலைமன்னாரில் நிலத்தின் எல்லையைக் குறிக்கும் 'தலை', அம்மரங்களில் உயிரின் இருப்பிடத்தையே குறித்தது.