வரியிடை நிரலின் வரிமுறிப்பு

தொழில்நுட்ப நூல்களில் பத்தியின் நடுவே வரும் கட்டளை, மாறியின் பெயர், கோப்புப் பாதை முதலியவற்றை வரிக்கடைசியில் எங்கே முறிக்கலாம், எங்கே முறிக்கக் கூடாது என்று வகுக்கும் அச்சுக்கோப்பு முறை. தனிக்கட்டமாக அச்சாகும் நிரல் இதில் சேராது.

சாதாரணச் சொல்லை முறிக்கும்போது இணைப்புக்கோடு சேர்ப்பது வழக்கம். நிரலில் அது பிழை. ‘ஏபிடி-கெட்’ என்ற லினக்ஸ் கட்டளை கோட்டோடு முறிந்து ‘கெட்’ அடுத்த வரிக்குப் போனால், கோடு கட்டளையின் உறுப்பா, அச்சுக்கோப்பவர் போட்டதா என்று வாசகருக்குத் தெரியாது. கோட்டை விட்டுவிட்டுத் தட்டினால் கட்டளை ஓடாது.

இதற்கு ஒழுங்கான விடை தந்தது டெக். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கனூத் 1977-இல் தொடங்கிய அச்சுக்கோப்பு மென்பொருள் இது. அவரும் அவர் மாணவர் மைக்கேல் பிளாஸும் 1981-இல் வெளியிட்ட வழிமுறை, ஒவ்வொரு வரியாகப் பார்க்காமல் பத்தி முழுவதையும் ஒருசேர எடைபோடும். முறியக்கூடிய இடத்துக்குத் தண்டம் விதிக்கலாம். தண்டம் 10,000 என்றால் அங்கே முறிப்பே கிடையாது. ஆங்கிலச் சொற்களைப் பிரிக்கும் முறையை பிராங்க் லியாங் 1983-இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். நிரலுக்கு அது ஆகாது என்பதால், தட்டச்சு எழுத்துருவுக்கு மட்டும் இணைப்புக்கோட்டின் எண் -1 என வைக்கப்பட்டது. இதனால் சொற்பிரிப்பு நின்றது. பெயரிலேயே உள்ள கோட்டுக்குப் பின் வரும் முறிவும் சேர்ந்தே நின்றது.

அந்த எழுத்துருவில் எல்லா எழுத்தும் ஒரே அகலம், 10 பாயிண்ட் அளவில் 5.25 பாயிண்ட். சொல்லிடைவெளி நீளாது, சுருங்காது. டெக்கின் மேல் லெஸ்லி லாம்போர்ட் அமைத்த லேடெக்கின் கட்டுரை வடிவில் வரியின் நீளம் 345 பாயிண்ட்; 30 எழுத்துள்ள மாறி ஒன்றே ஏறக்குறைய பாதி வரியை அடைத்துக்கொள்ளும். முறிக்க வழியில்லாவிட்டால் பெயர் ஓரத்தைத் தாண்டி நீளும், டெக்கின் அடிப்படை வடிவம் அவ்விடத்தில் ஒரு கருங்கட்டம் வைக்கும்; லேடெக் வரைவு நிலையில் மட்டும் வைக்கும். பிழையை மறைக்காத இந்த ஏற்பாடு நேர்மையானது. லேடெக்கில் ‘வெர்ப்’ கட்டளை இன்னும் கண்டிப்பானது, இடைவெளியில்கூட முறிக்காது. டொனால்ட் ஆர்செனோவின் ‘யுஆர்எல்’ தொகுப்பு நிறுத்தக்குறிகளுக்குப் பின் முறிக்க இடங்கொடுத்தது. கோட்டில் முறிக்க வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும்.

புள்ளிக்கு முன் முறிப்பதே சரியான வழக்கு. புள்ளி வரிக்கடைசியில் நின்றால் வாக்கியம் முடிந்ததாகக் கண் நம்பிவிடும். அடுத்த வரியின் தலையில் நின்றால் பெயர் தொடர்வது தெரியும். இணைய முகவரிகளுக்கு சிகாகோ நடைக் கையேடு சொல்வதும் இதுவே. எங்கும் இடம் கிடைக்காதபோது வாக்கியத்தையே மாற்றி எழுதுவது நூலாசிரியரின் கடமை.

மின்நூலில் எழுத்தளவை வாசகரே மாற்றுவதால், முறியலாம் என்ற குறிப்பை மட்டுமே இட முடியும். எச்டிஎம்எல்லின் ‘டபிள்யூபிஆர்’ குறி இதற்கானது. யூனிகோடின் அகலமற்ற இடைவெளியையும் சிலர் இடுகிறார்கள். வாசகர் கட்டளையை நகலெடுத்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்தும் கூடவே போய், கட்டளை பிழை காட்டும்.