துறைக்கு முந்திய ஆய்வு: சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினியியல்

பல்கலைக்கழகமொன்றின் கணினியியல் ஆய்வை அத்துறையினர் வெளியிட்ட கட்டுரைகளின் தொகையால் அளப்பது இன்றைய வழக்கம். துறை உருவாகுமுன் நிகழ்ந்த ஆய்வு இவ்வளவுகோலுக்குள் அடங்குவதில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இதற்குத் தக்க சான்றாகும். அங்குக் கணினியியல் தனித்துறையானது 1981ஆம் ஆண்டிலேயாம்.

எடுவார்ட் ஸ்டீஃபெல் 1948இல் அங்குப் பயன்முறைக் கணித நிறுவனத்தைத் தோற்றுவித்தார். சொந்தக் கணிப்பொறி இல்லாத அந்நிறுவனம், ஜெர்மானியப் பொறியாளர் கொன்ராட் சூசே அமைத்த இசட்4 பொறியை 1950இல் வாடகைக்குப் பெற்றது. அதனோடு பழகிய ஹைன்ஸ் ரூட்டிஸ்ஹவுசர், கணிதக் குறியீட்டில் எழுதப்பட்ட வாய்பாட்டிலிருந்து பொறிக்குரிய கட்டளைகளைப் பொறியே ஆக்கிக்கொள்ள இயலும் என 1951இல் நிறுவினார். தொகுப்பான் என்னும் கருத்தின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று. 1956இல் பல்கலைக்கழகம் தானே அமைத்த எர்மெத் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. அல்கோல் மொழியின் முதல் வடிவம் 1958இல் சூரிக்கில் கூடிய அறிஞர் குழுவால் வகுக்கப்பட்டது. நிரலாக்கத்தை ஒழுங்குறக் கற்பிக்கும் நோக்குடன் நிக்லாவுஸ் விர்த் ஆக்கிய பாஸ்கல் 1970இல் வெளிவந்து உலகெங்கும் வகுப்பறைகளை அடைந்தது.

இவை யாவும் தனித்துறைக்கு முந்தியவை. ஆதலின் இப்பல்கலைக்கழகத்தின் கணினியியல் வரலாற்றை எழுதுவோர் 1981இலிருந்து தொடங்கலாகாது. வாடகைப் பொறியொன்றைச் சூழ்ந்து கணிதவியலாளர் சிலர் கூடிய காலத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.