பேறுகால மனச்சோர்வு

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அடுத்த ஓராண்டுக்குள் வரக்கூடிய மனநோய். ஓயாத துயரம், குழந்தை உறங்கும்போதும் தூக்கம் வராமை, குழந்தையிடம் ஒட்டுதல் தோன்றாமை, ‘நான் நல்ல தாயல்ல’ என்ற குற்றவுணர்வு, சிலருக்குத் தற்கொலை எண்ணம் ஆகியவை இதன் அறிகுறிகள். பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் அடங்கும் அழுகை இதில் சேராது.

பேற்றுக்குப் பின் வெளியேற வேண்டிய கசிவு தடைபட்டுத் தலைக்கேறுவதே பெண்ணின் சித்தக் கலக்கத்துக்குக் காரணம் எனப் பண்டைக் கிரேக்க வைத்தியர்கள் எழுதினார்கள். பிற்கால ஐரோப்பிய மருத்துவர்கள் பழியைத் தாய்ப்பாலின்மீது போட்டார்கள். பாரிஸில் 1858இல் மருத்துவர் லூயி விக்டர் மார்சே, கருவுற்றோர், பிள்ளை பெற்றோர், பாலூட்டுவோர் ஆகியோரின் மனநோய்களுக்கென்றே தனி நூல் எழுதினார். பேறுகால மனநலத்துக்காக 1980இல் தொடங்கிய மார்சே சங்கம் அவர் பெயரைத் தாங்கியது. ஆனாலும் மனநல விடுதிவரை போகாமல் வீட்டுக்குள்ளேயே அழுதவர்களை நெடுங்காலம் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 1968இல் மனநல மருத்துவர் பிரைஸ் பிட் லண்டன் தாய்மார்களை ஆராய்ந்து, நூற்றுக்குப் பதினொருவர் அளவில் இச்சோர்வு இருப்பதைக் காட்டினார். 1987இல் மனநல மருத்துவர் ஜான் காக்ஸ் குழுவினர் இச்சோர்வைக் கண்டறியப் பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோலை வெளியிட்டார்கள். உடல் அசதியைப் பற்றி அதில் கேள்வி இல்லை. ஏனெனில் பச்சை உடம்புக்காரிக்கு அசதி எப்படியும் இருக்கும்.

பேற்றுக்குப்பின் ஹார்மோன்கள் எல்லாப் பெண்களுக்கும்தான் சட்டெனக் குறைகின்றன. யாரைச் சோர்வு பிடிக்கிறது என்பதில் வீட்டுச் சூழலுக்கும் பெரும் பங்கு உண்டு. வேலூர் மாவட்டக் கணியம்பாடிப் பகுதியில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இருந்தபோதே 359 பெண்களைச் சந்தித்து, பிரசவத்துக்குப் பின் மீண்டும் பேசினார்கள். புதிதாகச் சோர்வுற்றவர்கள் 11 சதவீதம். குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், ஒத்தாசைக்கு ஆளில்லாமை ஆகியவை அவர்களிடம் மிகுந்திருந்தன.

ஆலோசனையாலும், பாலூட்டும்போது எடுக்கக்கூடிய மருந்துகளாலும் இது குணமாகும். பெங்களூருவின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் பிரிக்காமல் சிகிச்சை தரும் பிரிவு உள்ளது. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மனஸின் 14416 எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.