காலிமுக மண்டபமும் காங்கேசன்துறை ஆசனமும்

ஆட்சி என்பது கண்ணுக்குப் புலனாகாதது. அதற்கு உருவங் கொடுப்பன கட்டிடங்களே. யாழ்ப்பாணக் கோட்டையைக் கண்ட குடிகள் ஒல்லாந்தரின் ஆணையை நினைந்தனர். மக்களாட்சிக் காலத்தில் அவ்விடத்தைப் பெற்றது சட்டமன்ற மண்டபமாகும். மயிலிட்டிக் கரைக்கும் கொழும்பு மண்டபத்துக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவு உண்டு. அத்தொலைவை இணைத்தது காங்கேசன்துறைத் தொகுதியின் ஓர் ஆசனமே. அவ்வாசனத்தின் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தினால் தோன்றிய சட்டநிரூபண சபை, கொழும்புக் கோட்டையில் கோடன் பூங்காவை அடுத்த மாளிகையிற் கூடியது. உறுப்பினர் தொகை பெருகவே புதுமண்டபம் வேண்டப்பட்டது. காலிமுகத்திடலின் வட எல்லையில், கடலை நோக்கி, உயர்ந்த தூண் வரிசையோடு எழுந்த அம்மண்டபத்தை 1930 ஜனவரி 29இல் தேசாதிபதி சேர் ஹேர்பேட் ஸ்டான்லி திறந்துவைத்தார். அடுத்த ஆண்டிலேயே டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி அரசாங்க சபை அங்கே கூடியது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவர், பெண்டிர் இருபாலாரும் வாக்குரிமை பெற்று நடாத்திய முதற் பொதுத்தேர்தலின் பயன் அச்சபை.

ஆயினும், வட பகுதியின் நான்கு ஆசனங்கள் அன்று வெறுமையாய்க் கிடந்தன. டொனமூர்த் திட்டம் பூரண சுயராச்சியம் அளிக்கவில்லை என யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் பகிஷ்காரம் செய்ததே அதன் காரணம். நோக்கம் உயர்ந்தது, விளைவோ வேறாயிற்று. அச்சபை சட்டம் இயற்றுவதோடு அமையவில்லை. உறுப்பினர் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து ஆட்சியையும் நடாத்தினர். ஒவ்வொரு குழுவும் தெரிந்த தலைவரே மந்திரியாயினார். ஆகவே, சபையில் இல்லாதார் நிர்வாகத்திலும் இல்லாதாராயினர். 1934இல் இடைத்தேர்தல் நிகழ்ந்தபோது காங்கேசன்துறை ஆசனத்தைப் பரமேஸ்வராக் கல்லூரி அதிபர் சு. நடேசன் பெற்றார்.

ஆசனம் நிரம்பினால் மட்டும் போதுமோ எனின், போதாது என்பதை 1936 உணர்த்திற்று. குழுக்கள் தோறும் பெரும்பான்மையினர் பரவி அமர்ந்து, ஏழு தலைவர்களையும் தம்மவராகவே தெரிந்தனர். அதே சபையிற் சபாநாயகராய் வீற்றிருந்தவர் வேலணையைச் சேர்ந்த சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி என்பது கருதத்தக்கது. தலைமைப் பீடத்தில் தமிழர் ஒருவர் இருக்க, மந்திரிசபையில் ஒருவரும் இலர்! எனினும், நம் மாணாக்கர் இன்றும் நுகரும் இலவசக் கல்வி அச்சபையின் கொடையே என்பதை மறத்தல் தகாது.

1947இல் பிரதிநிதிகள் சபை அம்மண்டபத்தில் அமைந்தது; மேற்சபையாகிய செனற் சபை பழைய மாளிகையிற் கூடியது. காங்கேசன்துறை ஆசனத்தில் சா. ஜே. வே. செல்வநாயகம் அமர்ந்தார். 1948இல் மலைநாட்டுத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்த அவர், அடுத்த ஆண்டிற் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 1956 ஜூன் 5இல் உத்தியோக மொழி மசோதா உள்ளே விவாதிக்கப்பட்ட வேளையில், வெளியே காலிமுகத்திடலில் அவர் தலைமையிற் சத்தியாக்கிரகிகள் அமர்ந்தனர், அவர்கள் தாக்கப்பட்டனர். உள்ளே எண்ணிக்கை வென்றது. வெளியே அறவழியிற் கேட்ட குரல் செவிசாய்ப்பாரின்றிப் போயிற்று.

1972இல் குடியரசு யாப்பு நிறைவேறியது அம்மண்டபத்தில் அன்று, நவரங்கஹலவில். அதனைத் தம்மக்கள் ஏற்கின்றனரா எனக் காட்டச் செல்வநாயகம் ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி வரை பிற்போடப்பட்டது. இரண்டாண்டுக்கு மேலாக ஆசனம் மறுபடியும் வெறுமையாயிற்று. தேர்தலில் அவரே வென்றார். 1977இல் அதே தொகுதியினின்று சென்ற அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

1982 ஏப்ரல் 29இல், தியவன்னா ஓயாவின் நடுவே ஜெப்ரி பாவா வகுத்த புதிய பாராளுமன்றம் கோட்டையிற் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ஆறாந் திருத்தம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிடும் சத்தியத்தை விதித்தது; அதனைச் செய்யாத தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனம் இழந்தனர். மூன்றாம் முறையாக ஏற்பட்ட வெறுமை இதுவே. 1989இல் விகிதாசார முறை வந்தபோது காங்கேசன்துறை தனியாசனமாயிராது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துள் அடங்கிற்று. பழைய மண்டபம் சனாதிபதி செயலகமாயிற்று. ஆட்சியின் வலு மன்றத்தினின்று தனியொருவரிடம் பெயர்ந்ததற்கு இம்மாற்றம் ஏற்றதோர் அடையாளமன்றோ?

1990இல் மயிலிட்டி மக்கள் போரினால் ஊரை விட்டகன்றனர். 2017இலேயே துறைமுகப் பகுதி மீளக் கையளிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் அவர்களுக்குப் பிரதிநிதிகள் இருந்தனர், ஊரே இல்லை.

இவ்வரலாறு புகட்டும் பாடம் யாது? ஓர் ஆசனம் மூவகையில் வறிதாயிற்று: முதலில் நம் விருப்பால், பின்னர் எதிர்ப்பின் குறியாக, இறுதியிற் சட்டத்தின் கட்டாயத்தால். தூணும் மாடமும் மன்றம் ஆகா. சொல்வோர்க்கு இடமும், கேட்போர்க்குச் செவியும் உள்ள இடமே மன்றம். இவ்விரண்டினுள் ஒன்று குறையினும் எஞ்சுவது கல்லும் சுண்ணமுமே. நாளை அவ்வாசனங்களில் அமரவும், அவற்றுக்குரியாரைத் தெரியவும் போகும் மாணாக்கர் இதனை உளங்கொள்வாராக.